நான் எதையும் ஷேர் பண்ணலையே, அக்கா

இரவு பதினொன்று இருக்கும். ஆய்வு மாணவன் ஒருவன் ஃபோன் செய்தான். "அக்கா, ரன் பாதியில நின்னுபோச்சு. பெர்மிஷன் டினைட்னு வருது. காலைல சாருக்கு ரிசல்ட் காட்டணும்."

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத் துறையில் ப்ராஜெக்ட் ஸ்டாஃப். துறைக்கு இருந்த ஒரே பெரிய சர்வரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று. சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் வகை போட்ட மெஷின். முப்பது பேருக்கு மேல் அதில் லாகின் வைத்திருந்தார்கள். சிலர் தினமும் வருவார்கள், சிலர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், ஆனால் அவர்களுடைய கோப்புகள் அங்கேயே இருந்தன.

அந்தப் பையனுடைய சிக்கலும் அப்படிப்பட்ட கோப்புதான். அவனுக்கு முன் அதே வேலையைத் தொடங்கிய சீனியர் டாக்டரேட் முடித்து ஜெர்மனிக்குப் போயிருந்தார். அவருடைய டேட்டா ஃபோல்டருக்குள்தான் இவன் ரன், அதாவது நீண்ட நேரம் ஓடும் கணக்கீடு, ஓடிக்கொண்டிருந்தது. இவனால் கோப்புகளைப் படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் நிரல், இடைநிலையைச் சேமித்து வைக்கும் பழைய செக்பாயின்ட் கோப்பின் மேல் எழுதப் போயிருக்கிறது. சர்வர் மறுத்துவிட்டது.

எனக்குத் தூக்கம். அவனுக்கு அவசரம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் நுழைந்து அந்த சீனியரின் டேட்டா ஃபோல்டர் முழுவதற்கும், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அனுமதியை மாற்றும் கட்டளையான சிஎச்மாட் 777 போட்டேன். ஒரு நிமிட வேலை. "இப்ப பாரு" என்றேன். ஓடியது. "தேங்க்ஸ்க்கா" என்று வைத்துவிட்டான்.

777 என்றால் இந்த மெஷினில் லாகின் உள்ள எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று பொருள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். காலையில் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். காலையில் வேறு வேலை வந்தது.

இந்த மாதிரி ஃபோன் அடுத்த சில மாதங்களில் மறுபடி மறுபடி வந்தது. பெயர்தான் மாறும், கதை ஒன்றுதான். ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் திருத்த வேண்டும், முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிஎச்மாட். ஆனால் இன்று திறந்துவிட்ட ஃபோல்டருக்குள் நாளை ஒருவர் புதுக் கோப்பு போட்டால் அது மறுபடியும் பழைய மாதிரியே பூட்டிக்கொண்டு பிறக்கும். கோப்புகளைத் துரத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை, அவை பிறக்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஏதோவின் பெயர் யூமாஸ்க்.

லினக்ஸில் எல்எஸ் -எல் என்று அடித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்று எழுத்துகள் வரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு ஓர் எண், குழுவுக்கு ஓர் எண், மற்ற எல்லாருக்கும் ஓர் எண். 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், மற்ற இரு தரப்பும் படிக்க மட்டும் செய்யலாம். இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 644 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் யாரும் நின்று சொல்வதில்லை. நாம் ஓர் எடிட்டரில் சேவ் கொடுத்தோம், அவ்வளவுதான். எண் எதையும் நாம் சொல்லவில்லையே.

எடிட்டர் சொல்கிறது. ஒரு நிரல் புதுக் கோப்பு திறக்கும்போது லினக்ஸின் மையமான கர்னலிடம் ஓர் அனுமதி எண்ணையும் சேர்த்துக் கேட்கும். பெரும்பாலான நிரல்கள் கோப்புக்கு 666 கேட்கும், ஃபோல்டருக்கு 777 கேட்கும். தாராளமாகக் கேட்டுவிடும். இடையில் யூமாஸ்க் ஒரு வடிகட்டி மாதிரி நிற்கிறது. அதில் எந்த அனுமதி குறிக்கப்பட்டிருக்கிறதோ அது அங்கேயே தங்கிவிடும், மிச்சம் கீழே இறங்கும். யூமாஸ்க் 022 என்றால் குழுவின் எழுதும் உரிமையும் மற்றவர்களின் எழுதும் உரிமையும் தங்கிவிடும். கோப்பு 644 ஆகும், ஃபோல்டர் 755 ஆகும். 002 என்றால் 664, 775. 077 என்றால் 600, 700.

இதைக் கழித்தல் கணக்கு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அது தவறு. யூமாஸ்க் 033 என்று வைத்துப் பாருங்கள். 666இலிருந்து 033ஐக் கழித்தால் 633 வர வேண்டும். உண்மையில் வருவது 644. கேட்கப்படாத இயக்க உரிமையை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை, எழுதும் உரிமை மட்டும்தான் தங்கும். யூமாஸ்க் எடுக்கத்தான் செய்யும், ஒருபோதும் கொடுக்காது. வேறு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கும் நிரல் தன் ரகசியச் சாவிக்கு 600 மட்டும் கேட்கிறது, அதனால் யூமாஸ்க் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்தச் சாவி 600தான். கேட்பவர் அடக்கமாகக் கேட்டால் போதும்.

லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். 1971இல் வந்த அதன் முதல் பதிப்பில் குழு என்ற பேச்சே இல்லை. உரிமையாளர், மற்றவர், இரண்டு தரப்புதான். குழு பிறகு வந்தது. யூமாஸ்க் 1979இல் ஏழாம் பதிப்பில் வந்தது. ஒரே மெஷினைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும்போது எழும் தேவைகளை ஒவ்வொன்றாகக் கண்டு சேர்த்திருக்கிறார்கள் என்பதை அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

யூனிக்ஸுக்கும் முந்திய ஒரு சம்பவம் என் மனதில் நிற்கிறது. எம்ஐடியில் 1960களில் சிடிஎஸ்எஸ் என்றொரு அமைப்பு ஐபிஎம் 7094 மெஷினில் ஓடியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய முதல் அமைப்புகளில் ஒன்று. அதன் எடிட்டர் வேலை செய்யும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை எப்போதும் ஒரே பெயரில் உருவாக்கும். ஒரு ஃபோல்டருக்கு ஒரே ஆள் என்று நினைத்து எழுதியது. ஆனால் அமைப்பைப் பராமரித்தவர்கள் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் லாகின் செய்ததும் தெரியும் அறிவிப்பைத் திருத்த, இன்னொருவர் பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்த, தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லாருடைய பாஸ்வேர்டும் அறிவிப்பாக வந்து நின்றது. அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் தலைமையானவரான ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தன் ட்யூரிங் விருது உரையில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கோப்பு யாருக்குரியது என்பதில் எடிட்டரை எழுதியவர் ஒன்றை நினைத்திருக்கிறார், அதைப் பயன்படுத்தியவர்கள் இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் சர்வரிலும் அப்படியொரு இடைவெளி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சென்டோஸ் 7இல் சாதாரணப் பயனருக்கு இயல்பாக வர வேண்டியது 002. எங்கள் மெஷினில் எல்லாருக்கும் 022 வந்தது. யாரும் எங்கேயும் மாற்றி எழுதவில்லை. லாகின் ஆகும்போது ஓடும் ப்ரொஃபைல் கோப்பைத் திறந்து படித்தேன். அதில் ஒரு நிபந்தனை. பயனரின் பெயரும் அவருடைய முதன்மைக் குழுவின் பெயரும் ஒன்றாக இருந்தால் 002, இல்லையென்றால் 022. சென்டோஸ் சேர்ந்த ரெட் ஹேட் லினக்ஸ் குடும்பத்தில் புதுப் பயனரைச் சேர்த்தால் அவர் பெயரிலேயே ஒரு தனிக் குழுவும் உண்டாகும், அதில் அவர் ஒருவர்தான் இருப்பார். அதனால்தான் அங்கே 002 துணிந்து கொடுக்கிறார்கள். குழுவுக்கு எழுத உரிமை என்றாலும் அந்தக் குழுவில் வேறு ஆளே இல்லை.

எங்கள் மெஷினை முதலில் அமைத்தவர் எல்லாரையும் யூசர்ஸ் என்ற ஒரே குழுவில் போட்டிருந்தார். எல்லாரும் ஒரே துறை, ஒரே குழு போதும் என்று நினைத்திருப்பார். பெயர் பொருந்தவில்லை, 022 விழுந்தது. எழுத முடியாமல் போனதற்குக் காரணம் அது. நல்லவேளையாகத்தான் விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். அங்கே 002 போட்டிருந்தால் முப்பது பேரும் முப்பது பேருடைய கோப்புகளிலும் எழுத வாய்ப்பிருந்திருக்கும். யூமாஸ்கைத் தனியாகப் பார்த்து இது நல்லது, அது கெட்டது என்று சொல்லவே முடியாது. குழு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணைத் தொடக்கூடாது.

சரி, ஒரு சனி ஞாயிறு பார்த்து மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் வேறொன்று நடந்தது.

ஒரு மாணவி என் இடத்துக்கு வந்தாள். எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. வழிகாட்டியை மாற்றக் கேட்டுத் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளாம். இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்றே முடிவு செய்யவில்லை. சர்வரில் தன் ஹோம் ஃபோல்டரில், ஒரு சாதாரண உரைக் கோப்பில், கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்திருந்தாள். அதில் இருந்த வாக்கியங்கள் லேபில் பேச்சாகிவிட்டன. யாரோ படித்திருக்கிறார்கள்.

"நான் எதையும் ஷேர் பண்ணலையே, அக்கா. யாருக்கும் பாஸ்வேர்ட் குடுக்கல. எப்படி?"

என் மெஷினிலிருந்து சாதாரணப் பயனராக நுழைந்து அவள் ஹோமுக்குள் போனேன். கதவு திறந்திருந்தது, 755. சென்டோஸ் உருவாக்கும்போது ஹோம் ஃபோல்டரை 700 என்றுதான் வைக்கும், அதாவது மூடியே. பின்னால் யாரோ எல்லா ஹோமையும் 755 ஆக்கியிருக்கிறார்கள். விசாரித்தபோது தெரிந்தது, ஜூனியர்களின் ரிசல்ட்டை வழிகாட்டிகளும் சீனியர்களும் நேரே பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வெகு நாளுக்கு முன் செய்தது. உள்ளே அவளுடைய கடிதம், 644. மெஷினில் லாகின் உள்ள எவரும் ஒரு கட்டளையில் படிக்கலாம். பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டே இல்லை.

அவளுக்கு நான் என்ன சொல்ல? ஹோம் ஃபோல்டர் என்று பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறோம். வீடு என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று நினைப்பதில் என்ன தவறு? எல்எஸ் -எல் அடித்து அந்த எழுத்துகளைப் படித்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்வது நியாயமில்லை. வேதியியல் படிக்க வந்த பெண் அவள். அந்த எண்ணை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்பே, யாருடைய வசதிக்காகவோ, அவளுக்கும் சேர்த்து வேறொருவர் தேர்ந்தெடுத்துவிட்டார். அதை மாற்றும் அதிகாரம் என் கையில் இருந்தது, நான் தள்ளிப்போட்டிருந்தேன். அன்று மாலை அவள் போன பிறகு எல்லா ஹோமையும் 700 ஆக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மறுநாள் இரண்டு பேர் கோபமாக வந்தார்கள். வரட்டும்.

அதே வாரத்தில் மீதியையும் தொடங்கினேன்.

சிலர் 077 போடச் சொன்னார்கள். பாதுகாப்பு என்றால் அதுதான், எல்லாம் உரிமையாளருக்கு மட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆராய்ச்சி என்பதே ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் ஆட்கள் வழி கண்டுபிடிப்பார்கள். பென் டிரைவில் டேட்டா போகும், வாட்ஸாப்பில் போகும், பாஸ்வேர்டையே பகிர்வார்கள், அல்லது எரிச்சலில் 777 போடுவார்கள். நானே போட்டவள்தானே. தனிப்பட்டது மூடியிருக்க வேண்டும், சேர்ந்து செய்வது சேர்ந்து செய்பவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும், இரண்டும் பயனர் எதுவும் செய்யாமலே நடக்க வேண்டும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் தனிக் குழு உருவாக்கி அதை முதன்மைக் குழுவாக மாற்றினேன். அப்படி மாற்றும் யூசர்மாட் கட்டளை ஹோமுக்குள் இருக்கும் கோப்புகளின் குழுவைத் தானே மாற்றிவிடும். வெளியே இருப்பவற்றைத் தொடாது, அவற்றைத் தேடிப்பிடித்து நாமே மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்துக்கும் ஒரு குழு, ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்கு 2770. முன்னால் இருக்கும் 2தான் செட்ஜிஐடி. ஃபோல்டரில் அது இருந்தால் உள்ளே பிறக்கும் கோப்பு, உருவாக்கியவரின் முதன்மைக் குழுவை எடுத்துக்கொள்ளாது, ஃபோல்டரின் குழுவை எடுத்துக்கொள்ளும். உள்ளே உருவாகும் துணை ஃபோல்டருக்கும் அந்த 2 தானாகவே இறங்கும். இந்தச் சின்ன விஷயத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். யூமாஸ்க் ஆளோடு போகிறது, செட்ஜிஐடி இடத்தோடு நிற்கிறது. இரண்டும் சேரும்போதுதான் ஒருவருடைய கோப்பு ஹோமில் அவருடையதாகவும் ப்ராஜெக்ட்டில் எல்லாருடையதாகவும் பிறக்கிறது.

யூமாஸ்க் 007 என்று முடிவு செய்தேன். உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம், மற்றவர்களுக்கு எதுவுமில்லை. ஹோமில் குழு என்றால் அவரே. ப்ராஜெக்ட்டில் குழு என்றால் கூட வேலை செய்பவர்கள்.

அதை எங்கே எழுதுவது என்பதில் தடுமாறினேன். யூமாஸ்க் கோப்பில் இருப்பதில்லை, ஃபோல்டரில் இருப்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸிலும் இருக்கிறது. தாய் ப்ராசஸிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக இறங்குகிறது. வெளியிலிருந்து இன்னொருவரின் ப்ராசஸில் மாற்ற வழியில்லை. முதலில் எல்லாரும் செய்வதுபோல ப்ரொஃபைலில் எழுதினேன். அது லாகின் செய்ததும் திறக்கும் ஷெல்லுக்கு, அதாவது நம் கட்டளைகளை வாங்கும் நிரலுக்கு, மட்டும் ஓடும். மற்ற ஷெல்கள் படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பிலும் எழுதினேன். குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகள் இரண்டையும் படிப்பதில்லை. மெஷினின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்குபவையும் படிப்பதில்லை, அவற்றுக்கு இயல்பு 022. பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் எங்கள் நோட்புக் சர்வர் அப்படி ஓடியது, அதனால் நோட்புக்கிலிருந்து சேவ் செய்த கோப்புகள் மட்டும் தனியாக 644 என்று வந்துகொண்டிருந்தன. அந்தச் சேவையின் யூனிட் கோப்பில் யூமாஸ்க் வரியைச் சேர்த்த பிறகுதான் நின்றது.

கடைசியில் சரியான இடம், லாகின்களைச் சரிபார்க்கும் பேம் என்ற அமைப்பு என்று புரிந்தது. யார் எந்த வழியாக உள்ளே வந்தாலும் அமர்வைத் திறக்கும்போது கடக்கும் வாசல் அது. அதில் யூமாஸ்குக்கென்றே ஒரு மாட்யூல் உண்டு. லாகின் டெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளும். பயனர் பெயரும் குழுப் பெயரும் ஒன்றாக இருந்தால், குழுவின் இலக்கத்தை உரிமையாளரின் இலக்கம் போலவே ஆக்கிவிடும், அப்படி அமைத்திருந்தால். 022 எழுதினால் 002 ஆகும், 027 எழுதினால் 007 ஆகும். இதே மாட்யூலில் இன்னொரு வசதி இருப்பதைக் கைப்பக்கத்தைப் படிக்கும்போது பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் வேறு யூமாஸ்க் வேண்டுமென்றால், அவருடைய கணக்கில் முழுப்பெயர் எழுதும் இடத்திலேயே அதை எழுதி வைக்கலாம். தேர்வு வினாத்தாள் தொடர்பான வேலை செய்யும் ஒருவருக்கு 077 அப்படித்தான் கொடுத்தேன்.

மாற்றிய மறுநாளே ஒருவர் வந்து "எனக்கு மாறலையே" என்றார். அவருடைய டிமக்ஸ் அமர்வு, அதாவது நாம் வெளியேறினாலும் தொடர்ந்து ஓடும் அமர்வு, பல வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. அது பிறந்தபோது இருந்த யூமாஸ்கும் குழுக்களும்தான் அதற்குத் தெரியும். மூடிவிட்டு மறுபடி லாகின் செய்யச் சொன்னேன். ஓடும் ரன்னை எப்படி நிறுத்துவது என்றார். அவருக்காக மூன்று நாள் காத்திருந்தோம்.

அப்புறம் உடைந்தவை. துறையின் இணையப் பக்கத்துக்கு ஒரு மாணவர் புது முடிவுகளை ஏற்றினார், பக்கம் திறக்க மறுத்தது. வெப் சர்வர் ஒரு தனிப் பயனராக ஓடுகிறது, நம் கணக்கில் அது "மற்றவர்". 007 அதை வெளியே நிறுத்திவிட்டது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றை யோசித்திருக்கவே முடியாது என்று நினைக்கிறேன். ஒரு பைதான் தொகுப்பை எல்லாருக்கும் பொதுவான இடத்தில், ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோ மூலம் நிறுவினேன். எனக்கு அது வேலை செய்ததா என்று ரூட்டாகவே சோதித்தேன், செய்தது. மாணவர்களில் ஒருவருக்கும் வேலை செய்யவில்லை. சூடோ தனக்கென்று 022 வைத்திருக்கிறது, ஆனால் நம்முடைய யூமாஸ்கை விட்டுவிடுவதில்லை, இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. 007உம் 022உம் சேர்ந்தால் 027. நிறுவிய கோப்பெல்லாம் ரூட்டுக்கும் ரூட் குழுவுக்கும் மட்டும் தெரிந்தது. சூடோவின் அமைப்பில் தன் எண்ணையே பிடித்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி நிறுவினேன்.

கோப்பை நகர்த்தும் எம்விக்கும் நகலெடுக்கும் சிபிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஹோமிலிருந்து ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு ஒரு கோப்பை சிபி செய்தால் அங்கே புதுக் கோப்பு பிறக்கிறது, ப்ராஜெக்ட்டின் குழு ஒட்டிக்கொள்கிறது. எம்வி செய்தால், இரண்டும் ஒரே டிஸ்க் பகுதியில் இருக்கும்வரை, எதுவும் பிறப்பதில்லை. அதே கோப்பு இடம் மாறுகிறது. பழைய குழு, பழைய அனுமதி, எல்லாம் கூடவே வரும். "ஃபோல்டர்ல இருக்கு, ஆனா திறக்க முடியல" என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை இதுதான். லேப்டாப்பிலிருந்து ஆர்சிங்க் என்ற கட்டளையால் கோப்புகளை நகலெடுப்பவர்களும் அப்படியே. பழக்கத்தில் எல்லாரும் போடும் -ஏ என்ற தெரிவு லேப்டாப்பில் இருந்த அனுமதியை அப்படியே கொண்டுவந்து வைக்கும்.

இணையப் பக்கத்தின் ஃபோல்டருக்கும், இரண்டு குழுக்கள் பகிர்ந்த ஒரு பெரிய டேட்டா ஃபோல்டருக்கும் மட்டும் இயல்பு ஏசிஎல், அதாவது யார் யாருக்கு என்ன அனுமதி என்ற விரிவான பட்டியல், போட்டேன். ஃபோல்டருக்கு இயல்பு ஏசிஎல் இருந்தால் உள்ளே பிறக்கும் கோப்புக்கு யூமாஸ்க் பார்க்கப்படாது, நிரல் கேட்டதற்குள் ஃபோல்டர் சொல்வதே நடக்கும். கேட்க அருமையாக இருக்கிறது, எல்லா இடத்திலும் இதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் போடவில்லை. ஏசிஎல் உள்ள கோப்பில் யாராவது சிஎச்மாட் செய்தால், குழுவின் எண் என்று அவர் நினைத்து மாற்றுவது உண்மையில் முகமூடி என்ற உச்சவரம்பை. பட்டியலில் உங்கள் குழுவுக்கு எழுத உரிமை இருக்கும், ஆனால் நடைமுறையில் இருக்காது. ஆர்சிங்க் -ஏ அதைச் செய்துவிட்டுப் போகும். பட்டியலை எடுத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது புரியும், மற்றவருக்கு மர்மமாக இருக்கும். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் மூன்று எண்களைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன்.

இதெல்லாம் அடங்க ஒரு செமஸ்டர் ஆனது. இரவு ஃபோன் குறைந்தது. அந்தப் பெண் வழிகாட்டியை மாற்றிக்கொண்டாள். கடிதம் எழுதியதால் கிடைத்ததா, அதற்கு முன்பே பேச்சு பரவியதால் வேறு வழியில்லாமல் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. லேபில் எதிர்ப்பட்டால் சிரிப்பாள். ஆனால் அதன்பிறகு சொந்தமாக எதையும் சர்வரில் எழுதி வைத்ததில்லை என்று ஒரு முறை சொன்னாள். அவளுடைய ஹோம் இப்போது மூடியிருக்கிறது என்று காட்டினேன். தலையாட்டினாள். எண்களைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது, அவளுக்கு அந்த இடத்தின் மேல் போன நம்பிக்கை திரும்பி வரவில்லை.

சென்டோஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதற்கு முன்பே புது மெஷினுக்கு மாற வேண்டும் என்று உபுண்டு 22.04 என்ற இன்னொரு லினக்ஸ் வகை போட்ட சர்வர் ஒன்று வந்தது. உபுண்டு 21.04இலிருந்து ஹோம் ஃபோல்டரை 750 என்று மூடியே உருவாக்குகிறது, அதற்கு முன் 755. பெட்டியைப் பிரித்ததும் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

பழைய டேட்டாவை நகர்த்துவதற்கு முன், மற்றவர்கள் எழுதக்கூடிய கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஃபைண்ட் கட்டளையில் தேடினேன். பட்டியல் நீண்டது. பாதிக்கு மேல் ஒரே இடம். ஜெர்மனிக்குப் போன சீனியரின் டேட்டா ஃபோல்டர், அந்த இரவு நான் போட்ட 777. காலையில் சரிசெய்யலாம் என்று விட்டது, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது.

அவருக்கு மெயில் எழுதினேன். என்ன நடந்தது, யார் செய்தது என்று எல்லாவற்றையும் சொல்லி, எதை ப்ராஜெக்ட் குழுவுக்குக் கொடுக்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அன்று மாலையே பதில் வந்தது. கோபப்படவில்லை. டேட்டா எல்லாவற்றையும் குழுவுக்கே கொடுத்துவிடச் சொன்னார். கடைசியில் ஒரு வரி இருந்தது. "உள்ளே மிஸ்க் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் நான் எழுதிவந்த டைரி இருக்கிறது. தயவுசெய்து திறக்காமல் அழித்துவிடுங்கள்."

தேடினேன். இருந்தது. ஃபோல்டரும் 777, உள்ளே இருந்த ஒவ்வொரு கோப்பும் 777. கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்று பார்க்கும் கட்டளை எனக்குத் தெரியும், விரல் அதை அடிக்கத் தொடங்கியும் விட்டது. பாதியில் நிறுத்திவிட்டு, அவர் சொன்னபடி அழித்தேன்.